கோவையில் எழுதிய பேனா காங்கேயத்தில் ஏன் நின்றது?

பேனாவைக் கையில் கொடுக்கும்போதே பெரிய மாமா நோயைச் சொல்லிவிட்டார். "மூணு வரி எழுதுமுங்க மாப்பளை. நாலாவது வரியில காஞ்சு நின்னுக்கும். உதறுனா ஒட்டுக்கா கக்கிப் போடும்."

பங்குனிக் கடைசி. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற அவர் தோட்டத்து வீட்டுத் திண்ணை. என் மனைவிக்கு அவர் பெரியப்பா. அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வைகாசியில் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகைக் கவர் நானூற்றைம்பதுக்கும் தன் கையால் பேர் எழுத வேண்டும், அதுவும் இந்தப் பேனாவில்தான் எழுத வேண்டும் என்று ஆசை. பேனா அவருடைய அப்பா வைத்திருந்தது. அவர் அந்த ஊர் மணியகாரர். கிஸ்தி ரசீதும் தாலுகா கச்சேரிக்குப் போகிற கடுதாசியும் இதில்தான் எழுதினாராம். 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிந்ததும் பேனாவும் பெட்டிக்குள் போய்விட்டது. மாமா அதை வெளியே எடுத்து ஏழெட்டு வருடம்தான் ஆகிறது. அந்த ஏழெட்டு வருடமும் இதே வெசனம்.

நான் பதினைந்து வருடமாக மைப்பேனா சேர்க்கிறேன். பழுதான பேனாக்களைச் சரி செய்து கொடுப்பதும் உண்டு. என்னை இவ்வளவு தூரம் அலைக்கழித்த பேனா வேறு கிடையாது. நடந்ததை நடந்த வரிசையிலேயே, நான் செய்த தவறையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். இதே குறையோடு வேறு வேறு மை வாங்கிப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பார்கள்.

பேனா

எபோனைட் பேனா. ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூட்டில் இறுக வைத்தால் கிடைப்பது எபோனைட். மரம்போலக் கடைசல் பிடிக்கலாம். கையில் பிடித்தால் பிளாஸ்டிக்கின் சில்லிப்பு இருக்காது. உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கந்தக வாசம் வரும். வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் மேற்பரப்பில் இருக்கிற கந்தகம் மாறிக் கறுப்பு நிறம் வெளிறிவிடும். இந்தப் பேனாவின் கழுத்தில், மூடிக்குள் மறைந்திருந்த ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் இன்னும் கரிக்கட்டைக் கறுப்பு. வெளியே தெரிந்த குழல் முழுக்கப் பழம்புளி நிறம். அந்த இரண்டு நிறமும் சந்திக்கிற கோடு, மோதிரம் கழற்றிய விரல்போல இருந்தது.

ராஜமுந்திரி ரத்னம், ஹைதராபாத் டெக்கான், சென்னை ஜெம் அண்டு கோ, திருவள்ளூர் ரங்கா என்று எபோனைட் பேனாவுக்கு நம் தென்னாட்டில் நல்ல பெயர்கள் உண்டு. இதன் குழலில் பெயர் எதுவும் மிச்சமில்லை. எழுத்து வெட்டியிருந்த இடம் தேய்ந்து வழுவழுத்துவிட்டது. கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் நேராகக் குழலுக்குள் மை ஊற்றுகிற வகை. மூன்று மி.லி.க்கு மேல் பிடிக்கிறது. இப்போது வருகிற சின்ன கார்ட்ரிட்ஜில் ஒரு மி.லி. கூட இருக்காது என்பதை நினைத்தால், மணியகாரர் ஏன் இதை வைத்திருந்தார் என்பது புரியும்.

நிப்பு எஃகு. மேலே பூசிய தங்க முலாம் பாதி போய்விட்டது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பில் பார்த்தபோது, நடுப் பிளவின் இரண்டு கரையிலும் அம்மைத் தழும்புபோலப் பொடிப் பொடியாகக் குழிகள். அது பழைய நீலக்கறுப்பு மையின் வேலை. அந்தக் காலத்துப் பதிவேட்டு மை பெரும்பாலும் இரும்பு மை. டானின், காலிக் அமிலங்களோடு இரும்பு சல்ஃபேட்டைச் சேர்த்துச் செய்வார்கள். எழுதும்போது வெளிறி இருந்து, காற்றுப் பட்ட பிறகு கறுத்துக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு தண்ணீர் பட்டாலும் போகாது. ரசீதுக்கும் பத்திரத்துக்கும் அதைத்தான் நம்பினார்கள். ஆனால் அதில் அமிலம் உண்டு. தங்க நிப்பு தாங்கும், முலாம் போன எஃகு தாங்காது. எந்த மையை இனி இதில் ஊற்றக்கூடாது என்பதை அந்தக் குழிகளே சொல்லிவிட்டன.

என் முதல் வைத்தியம், அது செய்த கெடுதல்

கோவைக்கு எடுத்து வந்தேன். நிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பிளவு வழியாக ஒரு மயிரிழை ஒளி தெரிய வேண்டும். முனையருகே அது தெரியவில்லை. பிளவு இறுகியிருக்கிறது, மை வருகிற வழி அடைபடுகிறது என்று முடிவு கட்டினேன். மெல்லிய பித்தளைத் தகட்டை உள்ளே விட்டு, பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டினேன். அதற்கு முன் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் நாலைந்து முறை அலசி இரவு முழுக்க ஊற வைத்திருந்தேன். மறுநாள் மை ஊற்றினால் இரண்டு பக்கம் நிற்காமல் எழுதியது. வெற்றி என்று நினைத்து வெள்ளென பேருந்து ஏறி மாமாவிடம் கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஆறாம் நாள் ஃபோன். "மறுக்கா மூணு வரிதானுங்க."

திரும்ப வாங்கி வந்தேன். அலசினேன். எழுதியது. கொடுத்தேன். நாலு நாள். திரும்ப அதே. மூன்றாவது தடவை நானே அங்கே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கொண்டு போன அன்று எழுதியது. மறுநாள் காலை மாமா வழக்கம்போலக் கழுவி, துடைத்து, மை ஊற்றிக் கொடுத்தார். மூன்றரை வரியில் நின்றது. என் கண் முன்னாலேயே.

காற்றோ என்று சந்தேகப்பட்டேன். அந்தப் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் வெளியில் வீசுகிற காற்றுக்கு ஈரம் குறைவு, நிப்பு சீக்கிரம் காயும். உள்ளறையில் கதவைச் சாத்தி எழுதிப் பார்த்தோம், மாற்றமில்லை. மையோ என்று சந்தேகப்பட்டு மூன்று சீசா மாற்றினோம். முதல் நாள் ஒவ்வொன்றும் கொஞ்சம் மேலாகத் தெரிந்தது, பிறகு அதே கதை. இப்படித்தான் ஆட்கள் மைக்கு மேல் மை வாங்குகிறார்கள். புது மை ஊற்றும்போது கூடவே ஒரு அலசலும் நடக்கிறது. குணம் அலசலால் வருகிறது, பெயர் மைக்குப் போகிறது.

மாஸ்டர் கேட்ட கேள்வி

கோவையில் நாங்கள் ஐந்தாறு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேனாவும் மையுமாகக் கூடுவோம். அதில் ஒருவர் திருப்பூரில் முப்பது வருடமாக டையிங் மாஸ்டர். அன்று நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, ரெண்டு ஊட்லயும் பேனாவக் கழுவுனது எந்தத் தண்ணியில?"

எங்கள் வீட்டில் சிறுவாணி. அங்கே போர்த் தண்ணீர், எண்ணூறு அடி ஆழம். கேள்வியிலேயே பதில் இருந்தது. அதை நான் இத்தனை நாள் கேட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்கு உறைத்தது.

சாயக்காரருக்கு அது முதல் கேள்வியாக வந்ததில் ஆச்சரியம் இல்லை. உப்பு கூடிய கடினத் தண்ணீரில் சாயம் போட்டால் ஷேடு மங்கும், திட்டுத் திட்டாகப் பிடிக்கும், சின்னத் துண்டில் முன்கூட்டிப் போட்டுப் பார்க்கிற லேப் டிப்பில் வந்த நிறம் துணியில் வராது. அதனால் ஒவ்வொரு பட்டறையிலும் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கிற சாஃப்ட்னர் பிளான்ட் இருக்கும், தொட்டியில் மிச்சமிருக்கிற கால்சியத்தைக் கட்டிப்போட ஒரு கெமிக்கலும் ஊற்றுவார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீரைச் சொட்டு விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் தொழில் என்று ஆனதும் அவர் கண்ணால் பார்த்து வாழ்ந்தவை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவர் ஒரு நாளைத் தொடங்கியதே இல்லை.

மையும் சாயம்தான் என்று அவர் விளக்கினார். பேனா மையில் பெரும்பாலும் இருப்பது தண்ணீரில் கரைகிற சாயங்கள், அதுவும் ஆசிட் டை, டைரக்ட் டை என்று துணிக்கும் கம்பளிக்கும் போடுகிற அதே இனம். அவை சோடியத்தோடு சேர்ந்த உப்பாக இருக்கும்போது நன்றாகக் கரையும். கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் சில சாயங்கள் கரைய மறுத்து வண்டலாக இறங்கும். "சோப்பு ஏன் நுரைக்க மாட்டீங்குது? அதே கதைதான். அந்தத் தண்ணியில பருப்பே வேகாது, பேனா எங்க எழுதும்?"

அடுத்த வாரம் இரண்டு வீட்டுத் தண்ணீரையும் டிடிஎஸ் மீட்டரில் வைத்தோம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிற கருவி அது. சிறுவாணி இரண்டு இலக்கத்தில் நின்றது. மாமா வீட்டுப் போர்த் தண்ணீர் 1,400-ஐத் தாண்டியது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. ஆக மாமாவின் தண்ணீர் குடித்தால் உயிர் போகிற தண்ணீர் இல்லை. ஆனால் பேனாவில் நிப்புக்கு அடியில் மை இறங்குகிற பள்ளம் மயிரிழை அகலம். அதற்கு அது விஷம்.

மீட்டர் இல்லாதவர்கள் செய்ய இன்னும் எளிய வழி ஒன்று உண்டு, மாமாவுக்கும் இதைத்தான் காட்டினேன். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து மூன்று சொட்டு விட்டோம். போர்த் தண்ணீர் ஒன்று, சிறுவாணி ஒன்று, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒன்று. வெயிலில் அரை மணி நேரம். டிஸ்டில்டு சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. சிறுவாணி இருந்த இடத்தில் ஊதினால் தெரிகிற ஒரு மங்கல். போர்த் தண்ணீர் சொட்டு கோலப்பொடியால் வரைந்த மாதிரி வெள்ளை வளையம் விட்டிருந்தது, விரலால் தேய்த்தால் நறநறத்தது. மாமா வெகு நேரம் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் வாயிலும் கீசர் கம்பியிலும் பூக்கிற அதே உப்பு.

அப்புறம்தான் இன்னொன்றையும் சொன்னார். "சீசாவுல மை கெட்டிப்பட்டுப் போச்சுனு கொஞ்சூண்டு தண்ணி ஊத்திக் கலக்கி வெச்சனுங்க. அது தப்புங்களா?" கழுவியது மட்டும் இல்லை, குடிக்கக் கொடுத்ததும் அதே தண்ணீர். அந்தச் சீசாவைச் சாய்த்தபோது அடியில் சேறுபோல ஒரு படலம் நகர்ந்தது.

நாக்குக்குள்ளே

நிப்புக்கு அடியில் இருக்கிற கறுப்புக் கட்டையை நாக்கு என்போம். ஃபீடு என்றும் சொல்வார்கள். மை கீழே இறங்க அதில் ஒரு மெல்லிய பள்ளம், வெளியேறிய மைக்குப் பதிலாகக் காற்று மேலே ஏறவும் வழி. காங்கேயத்தில் எண்ணெய் டின் பார்க்காதவர் இல்லை. டின்னில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திணறித் திணறி நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஒழுகும். பேனாவும் அப்படித்தான். காற்று ஏறும் வழி அடைபட்டால் முதலில் இருக்கிற மை மூன்று வரி ஓடும், பிறகு குழலுக்குள் இழுவிசை கூடி மை நின்றுவிடும். உதறினால் காற்றுக் குமிழி ஒன்று முட்டிக்கொண்டு மேலே போகும், அதே அளவு மை ஒட்டுமொத்தமாக வெளியே விழும். மாமா முதல் நாள் சொன்ன மூன்று வாக்கியமும் இதுதான்.

ஏன் அங்கே போய் உப்பு சேர்கிறது என்றால், பேனாவில் தண்ணீர் ஆவியாகிற இடம் அதுதான். மை வற்ற வற்ற உப்பு முனையை நோக்கி வந்து பள்ளத்தில் உறைகிறது. மாமாவைப்போலத் தினமும் கழுவித் துடைக்கிற சுத்தக்காரருக்குத்தான் இந்த நோய் அதிகம் வரும் என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. கழுவக் கழுவ ஒரு பூச்சு ஏறியிருக்கிறது.

நிப்பையும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுத்து வெளியே எடுத்தேன். பள்ளத்தில் சாம்பல் நிறப் பொருக்கு, ஓரத்தில் நீலம் ஊறியது. வெள்ளை வினிகர் ஒரு பங்குக்கு டிஸ்டில்டு வாட்டர் ஐந்து பங்கு கலந்து நாக்கை மட்டும் இருபது நிமிடம் போட்டேன். லூப்பில் பார்த்தால் பள்ளத்திலிருந்து கடுகைவிடச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. சுண்ணாம்பு கரைகிறது. அலசி, திரும்ப இருபது நிமிடம். குமிழி நின்ற பிறகும் பள்ளத்தின் மேல் முனையில் வெள்ளையாக ஒரு துணுக்கு அசையவில்லை. வினிகருக்கு மசியாத வெள்ளை எது?

சாக்பீஸ். மாமாவிடம் கேட்டேன். ஆமாம் என்றார். மை கக்கினால் நிப்பு முனையைச் சாக்பீஸில் ஒற்றி எடுப்பது நாற்பது வருட வாத்தியார் பழக்கம். நம் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட். வினிகரில் பொங்காது. நாமெல்லோரும் பெஞ்சில் கொட்டிய மையைச் சாக்பீஸ் உருட்டி உறிஞ்சியவர்கள்தான், அதில் தவறில்லை. நிப்பில் மட்டும் அதைத் தொடக்கூடாது. மெல்லிய நைலான் நரம்பைப் பள்ளத்தில் முன்னும் பின்னும் இழுத்து அந்தத் துணுக்கை எடுத்தேன். கம்பியோ ஊசியோ போடக்கூடாது, எபோனைட் கீறிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட டிஸ்டில்டு வாட்டரில் கடைசி அலசல். குழலை வெளியே நனைக்கவே இல்லை, உள்ளே மட்டும் ஃபில்லரால் அடித்து அலசினேன். ஏற்கெனவே புளி நிறம் ஆன எபோனைட்டை ஊறப்போட்டால் இன்னும் வெளிறும்.

பொருத்தமான மை

வழி திறந்தது. இப்போது நான் அகட்டிய பிளவு பழி வாங்கியது. அடைப்பு இருந்தவரை தெரியாமல் இருந்த அகலம் இப்போது ஆறாக ஓடியது. நிப்பின் தோளை அழுத்திக் கொஞ்சம் கிட்டே கொண்டு வந்தேன். குழி விழுந்த பழைய எஃகு, அதற்கு மேல் அழுத்தினால் விரிசல் விடும் என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். ஆக, பேனாவுக்கு ஏற்ற மை தேடுவது என்கிற வேலை இப்போதுதான் உண்மையில் தொடங்கியது. நன்றாகத் திறந்த பேனாவுக்கு நிதானமாக நகர்கிற மை வேண்டும். இறுகிய பேனாவுக்குத் தாராளமாக ஓடுகிற மை வேண்டும். தாராளமாக ஓடுவதை ஈர மை என்றும், நிதானமாக நகர்வதை உலர் மை என்றும் பேனா பிரியர்கள் சொல்வார்கள்.

என்னிடம் இருந்த பைலட் இரோஷிசுகுவும் வாட்டர்மேன் நீலமும் நல்ல மைகள், என் இறுகிய நிப்புப் பேனாக்களுக்கு நான் தேடி ஊற்றுவது அவைதான். இங்கே அவை எழுத்தின் வயிற்றை நிரப்பிவிட்டன. "ழ"வின் சுழி ஒரு பொட்டாக மாறியது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பட்டாம்பியில் தயாராகிற கிருஷ்ணா மைகளில் ஒன்றை ஊற்றியபோது நிறத்தைப் பார்த்து மாமா அசந்துபோனார், ஆனால் அகன்ற நிப்புக்கு அதுவும் தாராளம். கரையாத நிறப்பொடி கலந்த பிக்மென்ட் மை அழியாது, ஆனால் காய்ந்தால் நாக்கை அடைக்கும். இந்த நாக்குக்கு இன்னொரு அடைப்பு வேண்டாம். இரும்பு மை கூடாது என்பதை நிப்புக் குழிகள் முன்பே தீர்த்துவிட்டன.

உலர்ந்து நகர்வதில் பெலிகன் 4001 வரிசைக்குப் பெயர் உண்டு. அதில் கறுப்பை ஊற்றி எழுதிக் காட்டினேன். மயிரிழை சுத்தம், சுழிகள் எல்லாம் திறந்திருந்தன. அக்கா, அதாவது மாமாவின் மருமகள், எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார். "கல்யாணக் கவருல கறுப்பு மையா?" அத்தோடு கறுப்பு போயிற்று. அவர் சொன்னது சரிதான். பொருத்தம் பேனாவுக்கு மட்டும் பார்த்தால் போதாது. ராயல் ப்ளூ எழுதியது, வெளிறும் என்று மாமாவுக்கு மனசில்லை. கடைசியாக அதே வரிசையில் பச்சை. மாமா வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டார். தலைமையாசிரியராக எத்தனையோ டி.சி.யில் பச்சை மையில் போட்ட அதே கையெழுத்து. திரும்ப ஒருமுறை போட்டார். பிறகு பேனாவை மூடி மேசையில் வைத்து, "இதே இருக்கட்டுங்க" என்றார்.

கவர் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அச்சகத்தில் முதலில் காட்டியது பளபளக்கிற ஆர்ட் பேப்பர். அதில் மைப்பேனா எழுத்து ஐந்து நிமிடம் ஆனாலும் காயவில்லை, விரல் பட்டால் இழுவியது. பூச்சு இல்லாத சந்தன நிறக் கவரை எடுத்தோம். தாளில் மை பரவுமா பரவாதா என்பது பெரும்பாலும் அதற்குப் போடுகிற பசையைப் பொறுத்தது. சென்னிமலைத் தறியில் பாவுக்குக் கஞ்சி போடுகிற மாதிரி தாளுக்கும் ஸ்டார்ச் போடுவார்கள். நாமக்கல், சேலம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு மாவு அதற்கும் போகிறது. கரும்புச் சக்கைத் தாளில் மை பரவும் என்று பொதுவாக ஒரு பேச்சு இருக்கிறது, நான் ஏற்கமாட்டேன். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். காகித ஆலை கரும்புச் சக்கையை முதன்மையாக வைத்துத்தான் தாள் செய்கிறது. அந்தத் தாளில் தைத்த நோட்டில் நான் வருடக்கணக்காக மைப்பேனாவால் எழுதுகிறேன். கஞ்சி சரியாக இருந்தால் எழுத்து நிற்கும்.

இன்னொரு சோதனை நம் பழக்கத்துக்காகவே செய்தது. கவர் மூலையில் மஞ்சள் தடவுவோம். எழுதிய கவரில் ஈர மஞ்சளைத் தொட்டுப் பார்த்தபோது, சோதித்த மைகளில் ஒன்று மட்டும் மஞ்சளைத் தொட்ட ஓரத்தில் லேசாகச் சிவந்தது. அந்த மையில் காரத்தன்மை இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கிற அதே கணக்கு. பச்சை மை அப்படி மாறவில்லை, ஆனால் ஈரம் பட்ட இடத்தில் கரைந்தது. ஆகவே மஞ்சளை முதலிலேயே தடவி வெயிலில் காய வைத்துவிட்டு, பொழுதோட உட்கார்ந்து பேர் எழுதுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

எழுதியது

பதிமூன்று நாளில் நானூற்றைம்பது கவர். மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது மூன்றே குறிப்பு. கழுவ டிஸ்டில்டு வாட்டர், அல்லது ஆர்.ஓ. தண்ணீர். சீசாவில் எதையும் கலக்கக்கூடாது. குழலில் மை பாதிக்குக் கீழே போனால் உடனே ஊற்றிவிட வேண்டும். மூன்றாவது குறிப்புக்குக் காரணம் சித்திரை வெயில். குழலில் மை குறைந்தால் அந்த இடத்தில் காற்று இருக்கும். கைச்சூட்டில் காற்று விரிந்து மையைத் தள்ளும். எபோனைட் மெதுவாகச் சூடேறும், அதனால் தப்பிக்கிறோம், ஆனால் மேல் முழுக்க வேர்க்கிற ஒரு மதியத்தில் அதுவும் தோற்கும். இரண்டு கவரில் பொட்டு விழுந்தது. இரண்டும் அந்த மாதிரி மதியத்தில், மை தீர்கிற சமயத்தில். மூன்று வரியோடு நிற்பது அதன் பிறகு நடக்கவில்லை.

பேட்டரித் தண்ணீர் கேன் இப்போது அவர் வீட்டில் சாமி அறை அலமாரிக்குக் கீழே இருக்கிறது. மாஸ்டருக்கு ஒரு கவர் தனியாக எழுதி என்னிடம் கொடுத்தார். மாஸ்டர் அதை லூப்பில் வைத்துப் பார்த்து, ஷேடு நன்றாக நிற்கிறது என்றார்.

கல்யாணம் முடிந்து மாதம் ஒரு கடிதம் வருகிறது, பச்சை மையில், ஒன்றரைப் பக்கம், இரண்டு பக்கம். ஐப்பசியில் வந்ததில் இரண்டாம் பக்கத்துக் கடைசி நாலு வரி முன்னதைவிட மெலிந்திருக்கிறது. "மழ பேஞ்சு போர்ல தண்ணி ஏறியிருக்குதுங்க" என்று அதிலேயே எழுதியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டரையும் நைலான் நரம்பையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.